டெய்சி அன்ரியின் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்

செவ்வாய்க்கிழமை காலை, பாடசாலைக்குப் போக நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாடற்குழுவின் வட்சப்பில் இரண்டு செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்தது டெய்சி அன்ரி முதல்நாள் பின்னேரம் அனுப்பிய குரல்: "சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. நாலு எண்டால் நாலு. நாலரைக்கு வாற ஆக்கள் அப்பிடியே திரும்பிப் போய்க் கடலிலை குளிச்சிட்டு வீட்டை போகலாம்." கீழே இருந்தது அப்பா அனுப்பியது: "எங்கள் சபையின் ஓர்கன் வாசிப்பாளர் சகோதரி டெய்சி இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

இரவு அவருக்கு நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரியும். விடிய வந்துவிடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கீழே இருந்ததை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு மேலே இருந்ததைக் கேட்டேன். சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சப்பாத்தோடு வாசற்படியில் இருந்து சிரித்ததையும் அழுததையும் பக்கத்து வளவிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அன்ரியைத் தெரிந்த உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் ஆராதனையில் கொடுப்பதற்கு ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். பாடற்குழுப் பிள்ளைகள் சார்பில் ஒரு பக்கம் தரும்படி சபைச் செயலாளர் என்னிடம் கேட்டார். சபைச் செயலாளர் என்னுடைய அப்பா. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "ஈடுசெய்ய முடியாத இழப்பு", "இறைபணியில் தன்னை அர்ப்பணித்தவர்" எல்லாம் அதில் இருந்தன. நல்லாயிருக்கு என்று அப்பா சொன்னார். ஆனால் அந்தப் பக்கத்தில் வசந்தி அன்ரி இல்லை. ஆகவே எல்லோரும் படுத்த பிறகு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அச்சகத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். அந்த வீட்டில் டெய்சி அன்ரியும் வசந்தி அன்ரியும் இருபத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தார்கள். டெய்சி அன்ரி ஓர்கன் வாசிப்பார், கலியாணக் கேக் செய்வார், எல்லோரையும் ஏசுவார். வசந்தி அன்ரி மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். முன்பு இலங்கைத்துறைக் கிராமத்தில் வேலை செய்த காலத்தில், அங்கே ஒரு கலியாணத்துக்குக் கேக் கொண்டுபோன டெய்சி அன்ரியைத் தற்செயலாகக் கண்டாராம். "கேக் வெய்யிலிலை உருகிக் கொட்டுது, இவ அதைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. விசராக்கும் எண்டு நினைச்சன்" என்று வசந்தி அன்ரி சொல்வார். "விசர்தான். இல்லாட்டில் உன்னோடை இருப்பனோ?" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

வசந்தி அன்ரி சைவம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் டெய்சி அன்ரியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேப்பமரத்தின் கீழ் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் டெய்சி அன்ரி கோயில் வாசலில் வசந்தி அன்ரியின் செருப்புக்குக் காவல். நான் ஒருநாள் டெய்சி அன்ரியிடம், "உங்கள் இரண்டு பேருக்கும் சாமி விசயத்திலை சண்டை வாறேல்லையோ?" என்று கேட்டேன். "சாமி விசயத்திலை ஒருநாளும் வந்ததில்லை. சம்பலுக்கு உப்புப் போடுற விசயத்திலை ஒவ்வொரு நாளும் வரும்" என்றார்.

போன வருடம் நடந்த கலியாணம் உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் கட்டியிருந்த பூவையெல்லாம் காலையில் இரண்டு மான்கள் வந்து தின்றுவிட்டன. எங்கள் ஊர் மான்களுக்கு வீதியும் ஒன்றுதான், சேர்ச்சும் ஒன்றுதான். மணமகளின் அம்மா தலையில் கைவைத்து அழத் தொடங்கினார். வசந்தி அன்ரி குடையை விரித்துக்கொண்டு துரத்த, மான்கள் சேர்ச்சுக்குள்ளே ஓடிவிட்டன. டெய்சி அன்ரி ஓடிப்போய் ஓர்கனுக்கு முன்னால் இருந்துகொண்டு, மணமக்கள் வெளியே போகும்போது வாசிக்கிற மெட்டை முழுச் சத்தத்தில் வாசித்தார். மான்கள் இரண்டும் சோடியாக நடுவழியால் நடந்து வெளியேறின. அழுத அம்மாவே சிரித்துவிட்டார். அன்றைக்கு எல்லாம் முடிந்த பிறகு, "அன்ரி, எத்தினை கலியாணத்துக்கு வாசிச்சிருப்பீங்கள்?" என்று கேட்டேன். "ஆர் எண்ணினது? எல்லாரையும் தனித்தனியா உள்ளுக்குக் கூப்பிட்டுச் சோடியா வெளியிலை அனுப்பியிருக்கிறன்." "உங்களுக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நான்தானே வாசிக்கிற ஆள். நான் நடந்து வந்தால் வாசிக்கிறது ஆர்?" என்று சொல்லிச் சிரித்தார். வெளியே வசந்தி அன்ரி ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கலியாணக் கேக் துண்டு ஒன்றை நான் வழக்கம்போலத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். கலியாணமாகாத பெண்பிள்ளைகள் அப்படிப் படுத்தால் வரப்போகிற மாப்பிள்ளை கனவில் வருவார் என்று எங்கள் சபையில் எல்லோரும் செய்வதுதான். அடுத்தநாள் பாடற்குழுவில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தங்கள் கனவைச் சொன்னார்கள். ஒருத்திக்கு விமானப்படைச் சீருடையில் வந்தாராம். இன்னொருத்திக்கு மாப்பிள்ளை வரவில்லை, எறும்புதான் வந்தது. என் முறை வந்தபோது நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினேன். எனக்குக் கனவு வந்தது. அது மாப்பிள்ளை இல்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

டெய்சி அன்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் என்னை விடாமல் நச்சரிக்க, மேசையில் தட்டினார். "கேக்குக்குள்ளை போட்டது பிளம்ஸ், முந்திரியம்பருப்பு, பிரண்டி. மாப்பிள்ளை போடேல்லை. வாறவை வருவினம், வராதவை வரமாட்டினம். அல்ட்டோக் குரல் ஆக்கள் எழும்புங்கோ" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னோடு கதைக்கவேயில்லை. கதைக்காமல் இருந்ததற்கு நான் இப்போது நன்றி சொல்கிறேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குப் பயமான இடம். ஆனால் இதைச் சொல்லாமல் அன்ரியைப் பற்றிச் சொல்ல ஏலாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் அப்பா ஒரு மனுவை வைத்தார். ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழ்வதைக் குற்றமாக வைத்திருக்கும் சட்டத்தை மாற்றக்கூடாது, அவர்களுடைய திருமணத்துக்கு இடம் கொடுக்கக்கூடாது, சம உரிமை என்ற கதையே வேண்டாம், கிறிஸ்தவர்களாகிய நாங்கள் எல்லோரும் இதை எதிர்க்கிறோம் என்று அதில் இருந்தது. முதல் கையெழுத்து அப்பாவுடையது. வரிசை கட்டினார்கள். டெய்சி அன்ரி ஓர்கனை மூடிவிட்டு வந்தார். கண்ணாடியைப் போட்டு மனுவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். "இதிலை சொல்லுற ஆக்கள் ஆரெண்டு பேர் போடேல்லையே, செயலாளர்?" என்றார்.

"பொதுவாத்தான் அக்கா" என்றார் அப்பா.

"பொதுவா ஒருத்தரும் பிறக்கிறேல்லை. வெளியிலை இருக்கிற வசந்தியைக் கேட்டுப் பாரும், அவ ஆயிரம் பிள்ளைப்பெறு பாத்தவ. எல்லாம் ஆளாத்தான் வந்ததாம்." பிறகு அவர் ஒரு கதிரையை இழுத்து மேசைக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார். "ஒருத்தருக்கு எதிரா கையெழுத்து வைக்கிறதெண்டால் முகத்தைப் பாத்து வைக்கவேணும். நான் இருக்கிறன். வையுங்கோ."

அவர்கள் இரண்டு பேரும் எப்படி வாழ்கிறார்கள் என்பதை அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் அதற்கு மேல் சொல்லவில்லை. வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் சந்தோசமாக விசாரித்துக்கொண்டிருந்தார். "மகளுக்கு இப்ப எத்தினை மாசம்? வசந்தி வந்து பாத்தவவோ?" "உங்கடை கலியாணக் கேக்குக்கு மூண்டு தட்டுக் கேட்டீங்கள், நான் நாலு தட்டுச் செய்தனான், நினைவிருக்கோ?" சிலர் கையெழுத்து வைத்தார்கள். அவர்களுக்கும் அவரே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அம்மாவின் முறை வந்தது. அம்மா பேனையை எடுத்தார். டெய்சி அன்ரியைப் பார்த்தார். பேனையைத் திரும்ப வைத்துவிட்டு, "இது எழுதுதில்லை" என்றார்.

பின்னால் நின்றவரும் பேனையை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஓம், எழுதுதில்லைத்தான்" என்றார். அதற்குப் பின்னால் நின்றவர் பேனையைத் தொடாமலே, "மை முடிஞ்சுபோச்சாக்கும்" என்றார். அப்பா பேனையை வாங்கிக் கடதாசி ஓரத்தில் கிறுக்கினார். "நல்லா எழுதுதே!" "உங்கடை கைக்கு எழுதும்" என்றார் அம்மா. டெய்சி அன்ரி கண்ணாடியைக் கழற்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்த கிழமை அப்பாவின் பிறந்தநாள். மதிலுக்கு மேலால் கேக் வந்தது. "கையெழுத்து வைச்ச கைக்கும் இனிப்பு வேணும்" என்று சொல்லிக் கொடுத்தார். அப்பா இரண்டு துண்டு சாப்பிட்டார்.

மனு விசயத்துக்குப் பிறகு போதகர் ஐயா இரண்டு அன்ரிமாரையும் சந்திக்கப் போனார். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து எங்கள் சபைக்குப் புதிதாக வந்தவர், வயது குறைவு. அன்றைக்கு நான் அவர்களுடைய குசினியில் கேக்கின் ஓரம் வெட்டியதைத் தின்றுகொண்டிருந்தேன். ஐயா நெடுநேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு தயங்கித் தயங்கி, "அக்கா, நீங்கள் இதைப் பற்றி மனந்திரும்ப யோசிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"நான் ஒவ்வொரு நாளும் மனந்திரும்புறனான் ஐயா" என்றார் டெய்சி அன்ரி. "என்ரை வாய்க்காக. என்ரை கோபத்துக்காக. பாடற்குழுப் பிள்ளையளைக் கழுதை எண்டு சொன்னதுக்காக. வசந்திக்காக மட்டும் இல்லை. அவவுக்காக நன்றி சொல்லுறனான்." பிறகு, "ஆண்டவர் என்னைக் கூப்பிடேக்கை முழு ஆளாத்தான் கூப்பிட்டவர். பாதியை வாசல் படலையிலை விட்டிட்டு வா எண்டு சொல்லேல்லை" என்றார்.

ஐயா, வசந்தி அன்ரி கொண்டுவந்து வைத்த தேநீரைக் குடித்தார். போகும்போது, "நான் ஜெபிக்கட்டோ?" என்று கேட்டார். "ஜெபியுங்கோ. ஆனால் இரண்டு பேரின்ரை பேரையும் சொல்லி ஜெபியுங்கோ" என்றார் டெய்சி அன்ரி. ஐயா இரண்டு பேரையும் சொல்லி ஜெபித்தார். கேக்கை வாயில் வைத்துக்கொண்டு நானும் கண்ணை மூடினேன்.

கடைசி இரவைப் பற்றி எனக்கு அம்மாதான் சொன்னார். வசந்தி அன்ரியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். வார்டு வாசலில் நின்றவர், "சொந்தக்காரர் ஒராள்தான் உள்ளுக்கு நிக்கலாம். நீங்கள் என்ன முறை?" என்று வசந்தி அன்ரியைக் கேட்டிருக்கிறார். "ஒரே வீடு" என்றாராம் வசந்தி அன்ரி. "ஒரே வீடெண்டால்?" எத்தனையோ பிள்ளைகளின் பிறப்புக்கு விபரம் எழுதிக் கொடுத்தவருக்கு அந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை. "தங்கச்சி! கூடப்பிறந்த தங்கச்சி!" என்று அம்மா சத்தம் போட்டிருக்கிறார். உள்ளே விட்டார்கள். விடியும்வரை வசந்தி அன்ரி கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பொய்தான் சொன்னனான்" என்றார் அம்மா என்னிடம். "ஆனால் அந்தப் பொய் சொல்லாமல் அவ உள்ளுக்குப் போக ஏலாமல் இருந்தது ஆரின்ரை பிழை?" அம்மா அப்படிக் கேட்டு நான் முன்பு கேட்டதில்லை.

செத்தவீட்டுக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். கொழும்பிலிருந்து வந்த டெய்சி அன்ரியின் தம்பி எழுதிக் கொடுத்த மரண அறிவித்தல் படலையில் தொங்கியது. அன்புத் தம்பி, மச்சாள், மருமக்கள், பெறாமக்கள், எப்போதோ காலமாகிப்போன அப்பப்பா அப்பம்மா எல்லோருடைய பெயரும் அதில் இருந்தது. அந்த வீட்டில் இருந்தவரின் பெயர் இருக்கவில்லை. அவர் குசினியில் நின்று வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பப் படம் எடுக்கிறார்கள் அல்லவா, அதற்காகத் தம்பி குடும்பம் பெட்டியைச் சுற்றி நின்றது. படம் எடுப்பவர் தயாரானார். அப்போது போதகர் ஐயா "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். வசந்தி அன்ரியின் கையிலிருந்த கேத்தலை வாங்கி என்னிடம் தந்தார். கையைப் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இது குடும்பப் படம்" என்றார் தம்பி.

"ஓம் அண்ணை. அதுதான் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார் ஐயா.

வசந்தி அன்ரியைத் தலைமாட்டில் நிறுத்தினார். படம் எடுத்தார்கள். தம்பியின் மனைவிதான் முதலில் வசந்தி அன்ரியின் தோளில் கைவைத்தார். பிறகு அப்பா வெளியில் ஐயாவிடம் தணிந்த குரலில், "ஐயா, வேதம் இதைப் பற்றிச் சொல்லுறது உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டதை நான் கேத்தலோடு நின்று கேட்டேன். "எனக்கு எல்லாம் விளங்கிப்போச்சு எண்டு சொல்லமாட்டன் செயலாளர். இன்னும் வாசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். ஆனால் பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு ஆர் அழவேணுமெண்டு விளங்கினது" என்றார் ஐயா.

சவக்காலையில், குழிக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் பாடினோம். "என்ரை செத்தவீட்டிலை இழுத்து இழுத்துப் பாடினீங்களெண்டால் எழும்பி வந்து அடிப்பன்" என்று அவர் பல தரம் வெருட்டியிருந்தார். ஆகவே உயிர்த்த ஞாயிறுப் பாட்டை ஓட்டமாகப் பாடினோம். அல்ட்டோ ஆக்கள் அரை வரி முந்திவிட்டோம். வசந்தி அன்ரி அழுதுகொண்டே கையால் தாளம் தட்டினார். அப்பாவும் பாடினார். அப்பா அழுததை நான் பார்த்தேன். அவருக்கு டெய்சி அன்ரியில் பாசம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று அப்பாவிடம், "வசந்தி அன்ரியைப் பற்றியும் எழுதட்டோ?" என்று கேட்டேன். "அது தேவையில்லை பிள்ளை. சபை மலர்தானே. ஆக்கள் பல மாதிரிக் கதைப்பினம்" என்றார். அவர் ஏசவில்லை. தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கை, நாளைக்கு அவர் இதை வாசித்த பிறகு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. அதில் பெயர் வராவிட்டால், இந்த ஊரில் டெய்சி அன்ரி தனியாக வாழ்ந்து தனியாகச் செத்தவர் என்று கடதாசியில் நிற்கும். வசந்தி அன்ரி பிறகு யாருக்கும் ஒன்றும் காட்ட ஏலாது.

டெய்சி அன்ரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்று இருக்கிறது. பாட்டு இல்லை, எனக்கு இன்னும் சுருதி நிற்பதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பின்னேரங்களில் கேட்ட சத்தம். பாத்திரம் கழுவுகிற சத்தம், வானொலி, ஒருவர் ஏதோ சொல்ல மற்றவர் "உனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்வது, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பது. அப்படி ஒரு வீடு இருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்று இல்லை, இருக்கக்கூடாது என்று இனி யார் சொன்னாலும் நான் பயப்படுவேன். ஆனால் நம்ப மாட்டேன்.

அப்பா, இந்தப் பக்கத்தை முதலில் வாசிக்கப்போகிறவர் நீங்கள்தான். நான் எழுதிய மற்றப் பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள், அம்மாவோடு வேண்டாம். இடம் போதாமல் எதையாவது வெட்ட வேண்டி வந்தால் மானை வெட்டுங்கள், கனவை வெட்டுங்கள், கீழே வரவேண்டிய என் பெயரையும் வெட்டுங்கள். வசந்தி அன்ரியின் பெயரை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுங்கள்.